ரெகபெயாம் கேட்ட இரண்டு கேள்விகள்

போன ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வெளியே வந்தபோது நண்பர் ஒருவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, "சாமியார் இன்றைக்கு நன்றாகச் சொன்னார் பாருங்கள். நாலு பெரியவர்களைக் கேட்டுக்கொண்டு நடந்தால் எந்தக் காரியமும் கெடாது" என்றார். நானும் தலையாட்டிவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டேன். சாப்பிட்டுப் படுத்தபோதுதான் ரெகபெயாம் நினைவுக்கு வந்தான். அவனும் பெரியவர்களைக் கேட்டவன்தானே?

ரெகபெயாம், சாலமோன் அரசரின் மகன். பழைய தமிழ் வேதாகமம் படித்தவர்களுக்கு ரெகொபெயாம் என்றால் தெரியும். எங்களுக்குப் பள்ளியில் அவன் 'ரொபோவாம்'. அப்போது 'இஸ்துவார் சேன்த்' என்று ஒரு சின்னப் புத்தகம் உண்டு. ஆதாமில் ஆரம்பித்து வேதாகமத்துக் கதைகளை வரிசையாகச் சொல்லும். ரொபோவாமுக்கு அதில் அரைப் பக்கம்தான். "அகங்காரத்தால் அரசை இழந்தான்" என்று மிசியே ஒரே வரியில் முடித்துவிட்டு அடுத்த பாடத்துக்குப் போய்விடுவார். பிற்காலத்தில், பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்கிய ஒருவர் எனக்கு வேறொரு சேதி சொன்னார். ஷாம்பெய்னில் பெரிய புட்டிகளுக்கு வேதாகமத்து ராஜாக்களின் பெயரை வைத்திருக்கிறார்களாம். நாலு புட்டி கொள்ளும் மூன்று லிட்டர் புட்டிக்கு ஜெரொபோவாம், ஆறு புட்டி கொள்ளும் நாலரை லிட்டர் புட்டிக்கு ரெஹொபோவாம். எதிரியைவிடப் பெரிய புட்டியாவது அவனுக்குக் கிடைத்ததே என்று சிரித்தோம். நம் ஊரில் இதைச் சொன்னால் ரசிக்க ஆள் உண்டு.

இதில் வேடிக்கை என்னவென்றால், ஆலோசனைக்காரர் பலர் இருந்தால்தான் காரியம் நிலைக்கும், யோசனையில்லாத ஜனம் விழும் என்ற கருத்து நீதிமொழிகள் நூலில் ஒரு தடவை அல்ல, மூன்று தடவை வருகிறது. 11, 15, 24 ஆகிய அதிகாரங்களில் பார்க்கலாம். அந்த நூலின் பெரும் பகுதி சாலமோன் பெயரில் வழங்குகிறது. ஊருக்கெல்லாம் புத்தி சொன்னவர் பிள்ளைதான் ஆலோசனை விஷயத்தில் தவறி ராஜ்யத்தைக் கெடுத்தான்.

கதை அரசர்கள் முதல் நூல் 12ஆம் அதிகாரத்தில் இருக்கிறது. காலம் ஏறக்குறைய கி.மு. 930. சாலமோன் இறந்துவிட்டார். எருசலேமில் அரண்மனை இருக்க, மகன் முடிசூட வடக்கே செக்கேமுக்குப் போகிறான். ஏன் போக வேண்டும்? இதைப் பாடப் புத்தகம் சொல்லவில்லை. தாவீது காலத்திலேயே இரண்டு கணக்கு இருந்தது. முதலில் எபிரோனில் யூதா குலத்தார் மட்டும் அவரை அரசராக்கினார்கள். ஏழரை வருஷம் கழித்துத்தான் வடக்கத்திக் குலங்களின் பெரியவர்கள் வந்து, தனியாக ஓர் உடன்படிக்கை செய்துகொண்டு அவரை ஏற்றார்கள். அதாவது வடக்கு என்பது யூதாவுக்குச் சொத்தாக வந்ததல்ல. ஒப்பந்தத்தின் பேரில் வந்தது. ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கத்தான் ரெகபெயாம் போனான். செக்கேம் என்பது ஏபால், கெரிசிம் என்ற இரண்டு மலைகளுக்கு நடுவே உள்ள பழைய ஊர். இன்றைய நாப்லூஸ் நகரத்தின் ஓரத்தில், பலாட்டா மேடு என்ற இடத்தில் அதன் கோட்டைச் சுவரைத் தோண்டி எடுத்திருக்கிறார்கள். யோசுவா ஜனங்களைக் கூட்டி உடன்படிக்கை செய்ததும் அங்கேதான்.

ஜனங்கள் ஒரே ஒரு கோரிக்கை வைத்தார்கள். உங்கள் அப்பா ஏற்றிய சுமையைக் கொஞ்சம் குறையுங்கள், நாங்கள் உங்களுக்கு ஊழியம் செய்கிறோம் என்றார்கள். சுமை என்றால் என்ன சுமை? கணக்கு அதே நூலில் இருக்கிறது. மரம் வெட்ட லெபனோனுக்கு 30,000 பேர், மாதத்துக்கு 10,000 பேராக முறை போட்டு அனுப்பப்பட்டார்கள். ஒரு மாதம் மலையில், இரண்டு மாதம் வீட்டில். சுமை தூக்க 70,000 பேர், கல் வெட்ட 80,000 பேர், மேற்பார்வைக்கு மட்டும் 3,300 பேர். கோயில் கட்ட 7 வருஷம் ஆயிற்று. அரண்மனை கட்ட 13 வருஷம். நாட்டைப் பன்னிரண்டு வட்டமாகப் பிரித்து, ஒவ்வொரு வட்டமும் வருஷத்தில் ஒரு மாதம் அரண்மனைக்குச் சாப்பாடு போட வேண்டும். ஒரு நாளைக்குக் கொழுத்த மாடு 10, மேய்ச்சல் மாடு 20, ஆடு 100. மான் வகையறா தனி. இத்தனை வருஷம் இதைச் சுமந்த ஜனங்கள் "எடுத்துவிடுங்கள்" என்று கேட்கவில்லை. "குறையுங்கள்" என்றுதான் கேட்டார்கள். மனு எழுதிப் பழகியவன் என்ற முறையில் சொல்கிறேன், இதைவிடப் பணிவான மனு இருக்க முடியாது.

ரெகபெயாம் மூன்று நாள் தவணை கேட்டான். இதுவரைக்கும் அவனைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. முதலில் தகப்பனார் சபையில் நின்ற பெரியவர்களைக் கூப்பிட்டுக் கேட்டான். அவர்கள், இன்றைக்கு நீ இவர்களுக்கு ஊழியனாக இருந்து நல்ல வார்த்தை சொன்னால் என்றைக்கும் இவர்கள் உனக்கு ஊழியர்களாக இருப்பார்கள் என்றார்கள். நல்ல யோசனைதான். ஆனாலும் எத்தனை பேரைக் குறைப்பது, எத்தனை மாடு குறைப்பது என்று அவர்கள் சொன்னதாக இல்லை. பெரியவர்கள் என்றால் எல்லாரும் மகான்கள் என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். சாலமோன் சுமை ஏற்றியபோது இதே பெரியவர்கள் என்ன செய்துகொண்டிருந்தார்கள் என்று கேட்கத் தோன்றுகிறது. சில பேருக்கு எஜமானர் போன பிறகுதான் வாய் வரும். நான் பார்த்த அலுவலகங்களிலும் அப்படித்தான்.

அடுத்து, கூடவே வளர்ந்த இளைஞர்களைக் கேட்டான். அவர்கள் சொன்னது நமக்குத் தெரியும். அப்பா சாட்டையால் அடித்தார், நான் தேளால் அடிப்பேன் என்று சொல்லச் சொன்னார்கள். என் சுண்டுவிரல் அப்பாவின் இடுப்பைவிடப் பருமன் என்றும் சொல்லச் சொன்னார்கள். மூன்றாம் நாள் ஜனங்கள் முன்னால் சாட்டையையும் தேளையும் சொன்னவன், சுண்டுவிரல் பேச்சை மட்டும் விட்டுவிட்டான். செத்துப்போன அப்பாவைப் பற்றி அப்படிச் சொல்ல நாக்கு வரவில்லை போலும்.

'இளைஞர்கள்' என்றேன். இங்கே ஒரு கணக்கு. அரசனானபோது ரெகபெயாமுக்கு வயது 41 என்று 14ஆம் அதிகாரம் சொல்கிறது. அப்படியானால் கூட வளர்ந்த இளைஞர்களுக்கும் நாற்பது இருக்கும். எபிரேயம் படித்த ஒரு சாமியார் எனக்கு விளக்கினார்: அந்த இடத்தில் மூலத்தில் உள்ள சொல்லுக்குச் 'சிறுவர்கள்', 'பிள்ளைகள்' என்றுதான் நேர் அர்த்தமாம். நாற்பது வயது ஆட்களைப் பிள்ளைகள் என்று எழுதியவர் வேண்டுமென்றே எழுதியிருக்கிறார்.

அந்தச் சாமியார் காட்டிய இன்னொன்று என்னை விட்டுப் போகவே இல்லை. பெரியவர்களிடம் ரெகபெயாம் கேட்டது, இந்த ஜனங்களுக்கு எப்படிப் பதில் சொல்லலாம் என்று. இளைஞர்களிடம் கேட்டது, இந்த ஜனங்களுக்கு நாம் என்ன பதில் சொல்லலாம் என்று. மூலத்தில் அந்த 'நாம்' இருக்கிறது. சில மொழிபெயர்ப்புகளில் அது தெரியாமல் போய்விடுகிறது. பிரெஞ்சில் 'நூ' என்ற ஒரே சொல்தான், யாரைச் சேர்த்தது, யாரை விட்டது என்று தெரியாது. தமிழில் நாங்கள் வேறு, நாம் வேறு. எதிரே இருப்பவரையும் சேர்த்துக்கொண்டால்தான் நாம். பெரியவர்கள் முன்னால் அவன் வெறும் விசாரணை நடத்தினான். நண்பர்களோடு உட்கார்ந்தபோது ஒரு கட்சியாகிவிட்டான். அதனால்தான் முதல் கேள்விக்கு வந்த பதிலைக் கேட்டதுமே தள்ளிவிட்டான், இரண்டாவது கேள்வியை அதற்குப் பிறகுதான் கேட்டான் என்று நூல் வரிசைப்படுத்திச் சொல்கிறது. கோப்பில் ஒரு துறையின் கருத்து பிடிக்கவில்லை என்றால் இன்னொரு துறைக்கு அனுப்புவார்கள் அல்லவா? பிடித்த கருத்து வருகிற வரைக்கும் கோப்பு நடந்துகொண்டே இருக்கும். வந்த அன்றைக்கே ஆணை பிறந்துவிடும். முப்பது வருஷத்துக்கு மேல் அந்தக் கோப்புகளுக்கு நூல் கட்டியவன் நான்.

ஆகவே நண்பருக்கு நான் சொல்லாமல் வந்த பதில் இது: கேட்காததால் கெட்டவர்கள் வேதாகமத்தில் குறைவு. கேட்டுக் கெட்டவர்கள்தான் அதிகம். அதே 12ஆம் அதிகாரத்தில் எதிராளியான எரொபவாமும் யோசனை கலந்துதான் காரியம் செய்தான். என்ன காரியம்? இரண்டு பொன் கன்றுக்குட்டி செய்து ஜனங்களைக் கும்பிடச் சொன்னான்.

இதற்கு ஒரு தலைமுறை முன்னால் அகித்தோபல் கதை. தாவீதுக்கு ஆலோசகர். அவர் யோசனை சொன்னால் கடவுளிடம் கேட்டது மாதிரி என்று பேர் எடுத்தவர். தாவீதின் மகன் அப்சலோம் கலகம் செய்தபோது அவனோடு சேர்ந்துகொண்டார். ஏன் சேர்ந்தார் என்று நூலில் இல்லை. ஆனால் சாமுவேல் இரண்டாம் நூலில் இரண்டு இடங்களைச் சேர்த்துப் பார்த்தால் ஒன்று தெரிகிறது. பத்சேபாவின் தகப்பன் பெயர் எலியாம். அகித்தோபலின் மகன் ஒருவன் பெயரும் எலியாம். இருவரும் ஒருவரானால், தாவீது கெடுத்தது இவர் பேத்தியின் குடும்பத்தை. வேதம் படித்தவர்கள் பல பேர் அப்படித்தான் நினைக்கிறார்கள்.

அகித்தோபல் சொன்ன யோசனை: இன்று இராத்திரியே 12,000 பேரோடு நான் போகிறேன், தாவீது களைத்திருக்கும்போதே பிடித்து, அவர் ஒருவரை மட்டும் வெட்டிவிட்டு மற்றவர்களைத் திருப்பிக் கொண்டுவருகிறேன். அப்சலோமுக்குப் பிடித்தது, பெரியவர்களுக்கும் பிடித்தது. அத்தோடு விட்டிருந்தால் தாவீது பிழைத்திருக்க மாட்டார். எதற்கும் ஊசாயையும் கேட்போம் என்றான் அப்சலோம். ஊசாய் தாவீது அனுப்பிவைத்த ஆள். அவர், நாடு பூராவும் கடற்கரை மணல் மாதிரி ஆள் சேர்த்து, நீங்களே முன்னால் நடந்து போக வேண்டும் என்றார். முதல் யோசனையில் 'நான் போகிறேன்' என்று அகித்தோபல் இருந்தார், இதில் 'நீங்கள்' என்று அப்சலோம் வந்துவிட்டான். யாருக்குத்தான் கசக்கும்? கூடியிருந்தவர்கள் அத்தனை பேரும் ஒரே குரலில் ஊசாய் சொன்னதே மேல் என்றார்கள். பலர் யோசனை சொன்னால் காரியம் நிலைக்கும் என்ற வாக்கியத்துக்கு அங்கே என்ன கதி ஆயிற்று பாருங்கள். அகித்தோபல் கழுதைமேல் சேணம் வைத்து, சொந்த ஊரான கீலோவுக்குப் போய், வீட்டுக் காரியங்களை ஒழுங்குபடுத்திவிட்டுத் தூக்குப் போட்டுக்கொண்டார். தன் யோசனை நடக்கவில்லை என்றதுமே முடிவு அவருக்குத் தெரிந்துவிட்டது. இதையெல்லாம் கடவுளே அப்படித் திருப்பினார் என்கிறது நூல். அது தாவீதின் ஜெபத்துக்குப் பலன். அப்சலோம் பக்கத்திலிருந்து பார்த்தால், தன்னைப் புகழ்ந்த யோசனையை அவன் எடுத்துக்கொண்டான், அவ்வளவுதான்.

சரியாகக் கேட்டவர் யாருமே இல்லையா என்றால், மோசே இருக்கிறார். வேடிக்கை, அவர் கேட்கவே இல்லை. விடுதலைப் பயணம் 18ஆம் அதிகாரம். மோசே காலையிலிருந்து சாயங்காலம் வரை உட்கார்ந்து ஜனங்களின் வழக்கெல்லாம் தீர்க்கிறார். வரிசை குறையவில்லை. பார்க்க வந்த மாமனார் இத்திரோ, நீ செய்வது சரியில்லை, உனக்கும் சோர்வு, அவர்களுக்கும் சோர்வு என்கிறார். ஆயிரம் பேருக்கு ஒருவர், நூறு பேருக்கு ஒருவர், ஐம்பதுக்கு ஒருவர், பத்துக்கு ஒருவர் என்று நியமித்துவிடு, பெரிய வழக்கு மட்டும் உன்னிடம் வரட்டும் என்கிறார். குமாஸ்தா, சூப்பிரண்டு, அண்டர் செக்ரட்டரி என்று நாங்கள் உட்கார்ந்திருந்ததற்கெல்லாம் மூலபுருஷர் இத்திரோதான். அவர் இஸ்ரயேலர்கூட இல்லை, மிதியான் நாட்டு அர்ச்சகர். கடவுளோடு நேரில் பேசியவர் மோசே. இருந்தும் பெண் கொடுத்த மாமனார், அதுவும் வேற்று ஜாதிக்காரர், கேளாமல் சொன்னதை அப்படியே செய்தார். ஆனால் இணைச்சட்டம் முதல் அதிகாரத்தில் மோசே இந்த ஏற்பாட்டைத் திரும்பச் சொல்லும்போது மாமனார் பெயரைக் காணோம்! தாமே யோசித்த மாதிரி இருக்கிறது. எங்கள் குறிப்பில் கையெழுத்துப் போட்டு மேலே அனுப்பிய அதிகாரிகளை அதற்குப் பிறகு நான் மன்னித்துவிட்டேன்.

இவ்வளவும் எழுதும்போது என் தகப்பனார் நினைவு வருகிறது. ரெகபெயாமை நான் அடிக்கடி படிக்க அவரும் ஒரு காரணம்.

1962 ஆகஸ்ட் 16 அன்று புதுச்சேரி சட்டப்படி இந்தியாவோடு சேர்ந்தது. பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொள்ள விரும்புகிறவர்கள் ஆறு மாதத்துக்குள் எழுத்துமூலம் தெரிவிக்க வேண்டும். நம் பெரியவர்களுக்கு 'ஒப்சியோன்' என்ற ஒரு சொல் போதும், எல்லாம் விளங்கும். எனக்கு அப்போது பன்னிரண்டு வயதுக்குள். எங்கள் தெருவில் கோர்ட்டில் கிரெஃபியேவாக இருந்து ஓய்வு பெற்ற ஒரு தாத்தா இருந்தார். அப்பா அவரைப் போய்க் கேட்டபோது நான் கூடப் போயிருந்தேன். "இன்னும் அஞ்சு மாசம் இருக்கு தம்பி. ஒனக்கு எத்தனை பிள்ளை, அதுல யார் என்ன படிக்கப் போவுது, ஒன் வேலைக்கு எங்கேருந்து பென்ஷன் வரும், ஒரு காகிதத்துல எழுதிக்கிட்டு வா, பாப்போம்" என்றார். அப்பாவுக்கு முகம் சுருங்கிவிட்டது. சரி என்றோ வேண்டாம் என்றோ ஒரு சொல்லை எதிர்பார்த்துப் போனவர் அவர்.

அன்று இராத்திரி எங்கள் வீட்டுத் திண்ணையில் அவருடைய சீட்டாட்ட சிநேகிதர்கள். எல்லாரும் ஒன்றாகப் படித்தவர்கள். "நாம என்னடா செய்யலாம்?" என்று அப்பா கேட்டது என் காதில் இன்னும் இருக்கிறது. "சொந்த ஊர்ல நாம எதுக்கு அந்நியனா இருக்கணும்?" என்றார் ஒருவர். அத்தோடு முடிந்தது. அப்பா மறுபடி கிரெஃபியே தாத்தா வீட்டுக்குப் போகவில்லை. காகிதமும் எழுதவில்லை.

முடிவு தப்பு என்று நான் சொல்ல மாட்டேன். அந்த முடிவால்தான் எனக்கு இங்கே சர்க்கார் வேலை, இன்றைக்குப் பென்ஷன். ஒப்சியோன் கொடுத்துப் போன குடும்பங்களிலும் அங்கே பிள்ளைகள் தமிழ் மறந்து, இங்கே வீடு பூட்டிக் கிடக்கிற கதை உண்டு. ஆனால் என் தம்பி, வேலை கிடைக்காமல் அலைந்த வருஷங்களில் ஒருநாள் சாப்பாட்டு இலைக்கு முன்னால் அப்பாவைப் பார்த்து, "நீங்க அன்னைக்கு யோசிச்சுத்தான் செஞ்சீங்களா?" என்று கேட்டுவிட்டான். அப்பா பதில் சொல்லவில்லை. கை கழுவி எழுந்துவிட்டார். யோசித்துத்தான் செய்தேன் என்று சொல்ல அவரிடம் ஒரு காகிதம்கூட இல்லை என்பதை அந்த அறையில் நான் ஒருவன்தான் அறிவேன்.

ரெகபெயாம் கதைக்கு மிச்சம் இருக்கிறது. ஜனங்கள் கலைந்து போனதும், அவர்களைச் சமாதானப்படுத்த அவன் அனுப்பிய ஆள் யார் தெரியுமா? கட்டாய வேலைக்கு அதிகாரியான அதோராம்! யார் மேல் புகாரோ அவரையே விசாரணைக்கு அனுப்புகிற வழக்கம் அவ்வளவு பழையது. கல்லெறிந்து கொன்றுவிட்டார்கள். அரசன் தேரில் ஏறி எருசலேமுக்கு ஓடினான். பத்துக் குலங்கள் போய்விட்டன. பிறகு அவை ஒன்று சேரவே இல்லை. வடக்கு அரசு கி.மு. 722 வாக்கில் அசீரியரிடம் அழிந்தது.

இதோடுதான் மிசியே பாடத்தை நிறுத்துவார். எருசலேம் வந்து சேர்ந்த ரெகபெயாம், போனதைப் பிடிக்க 1,80,000 பேரைத் திரட்டினான். அப்போது செமாயா என்ற இறைவாக்கினர் வந்து, உங்கள் சகோதரரோடு சண்டைக்குப் போகாதீர்கள், அவரவர் வீட்டுக்குத் திரும்புங்கள் என்றார். அவ்வளவு பெரிய படையை வைத்துக்கொண்டு அவன் அந்த ஒற்றை ஆள் பேச்சைக் கேட்டான். எல்லாரும் திரும்பிப் போனார்கள். இந்த இரண்டு மூன்று வசனத்தை யாரும் பிரசங்கத்தில் சொல்லி நான் கேட்டதில்லை. எத்தனை ஆயிரம் உயிர் தப்பியது!

ஐந்தாம் வருஷம் எகிப்து அரசன் சீசாக்கு வந்து, சாலமோன் செய்து வைத்த பொன் கேடயங்களையெல்லாம் கொண்டுபோனான். அவனுடைய படையெடுப்பில் பிடிபட்ட ஊர்களின் பட்டியலைக் கர்னாக் கோயில் சுவரில் இன்றைக்கும் பார்க்கலாம். எஞ்சியிருக்கும் பெயர்களில் எருசலேம் இல்லை. கப்பம் கட்டித் தப்பியது என்று ஆராய்ச்சிக்காரர்கள் சொல்கிறார்கள். அப்போதும் செமாயா வந்து கடிந்துகொண்டார், அப்போதும் அரசன் தாழ்ந்து கேட்டான் என்று குறிப்பேடு இரண்டாம் நூல் சொல்கிறது. பொன்னுக்குப் பதில் வெண்கலத்தில் கேடயம் செய்து காவலர்களிடம் கொடுத்தான். அவன் கோயிலுக்குப் போகும்போதெல்லாம் அவர்கள் அதைத் தூக்கிக்கொண்டு முன்னால் போவார்கள், திரும்பி வந்ததும் காவல் அறையில் வைத்துவிடுவார்கள். பதினேழு வருஷம் ஆண்டான்.

என் தங்கைக்கு வரன் வந்தபோது அப்பா சட்டையை மாட்டிக்கொண்டு, ஒரு காகிதத்தில் ஏதோ எழுதி மடித்துப் பையில் வைத்தார். எங்கே போகிறீர்கள் என்றேன். "கிரெஃபியே வூட்டுக்கு" என்றார். தாத்தாவுக்கு அப்போது கண் சரியாகத் தெரியாது. நான்தான் அந்தக் காகிதத்தைப் படித்துக் காட்டினேன்.